ஆதிச்சநல்லூருக்குப் பிந்தைய மண்: கடந்த 500 ஆண்டுகளின் தொல்லியலை நெல்லைச் சீமையில் படிப்பது எப்படி?

கேள்வி: சேரன்மாதேவி வாசகி

அனைவருக்கும் வணக்கம். வரலாற்றில் இளங்கலை முடித்துவிட்டு, தொல்லியலில் முதுகலை சேரும் எண்ணத்தில் இருக்கிறேன். எங்கள் பக்கத்தில் தொல்லியல் என்றாலே ஆதிச்சநல்லூர், கொற்கை, சிவகளை, துலுக்கர்பட்டி ஆகிய பெயர்களே வரும். தாழியும் இரும்பும் கறுப்பு-சிவப்புப் பானை ஓடும் இல்லாத தொல்லியலை யாரும் பேசுவதில்லை. அவற்றின் பெருமையில் எனக்கு ஐயம் எதுவும் இல்லை. ஆனால் என்னை ஈர்ப்பது அதற்கு மிகவும் பிற்பட்ட காலம். போர்ச்சுகீசியர் முத்துக்குளித்துறைக்கு வந்த 16ஆம் நூற்றாண்டு முதல் நம் பாட்டன் பாட்டி வாழ்ந்த காலம் வரை இங்கே எழும்பி இடிந்த பாளையக்காரர் கோட்டைகள், டச்சுக்காரரின் பண்டகசாலைகள், மிஷன் ஊர்கள், பாபநாசத்துப் பஞ்சாலை, மலைமேல் தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயன் வீடுகள் ஆகியவற்றை மண்ணையும் பொருளையும் கொண்டு படிக்க விரும்புகிறேன்.

இதை வீட்டில் சொன்னபோது, "இருநூறு வருசத்துக்கு முந்தினது எல்லாம் தொல்லியலா?" என்று கேட்டார்கள். எனக்குப் பாடம் எடுத்த ஆசிரியர் ஒருவர், இவ்வளவு ஆவணங்கள் இருக்கும் ஒரு காலத்தைப் பற்றி மண் புதிதாக எதைச் சொல்லிவிடும் என்று கேட்டார். இரண்டுக்கும் என்னால் தெளிவாகப் பதில் சொல்ல முடியவில்லை. இத்துறையில் பழக்கமுள்ள பெரியவர்கள், இதற்கென்று முறையான இடம் உண்டா, உண்டென்றால் நம் ஊரில் இருந்துகொண்டே எங்கிருந்து தொடங்கலாம் என்று வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில்: பொருநைக் கரையோன்

உங்கள் வீட்டார் கேட்ட கேள்விக்கு ஒரே ஊரைக் காட்டிப் பதில் சொல்லிவிடலாம். தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை 1961இல் தொடங்கப்பட்டது. அத்துறை நம் பகுதியில் முதன்முதலாகக் கைவைத்த இடங்களில் கொற்கை ஒன்று. அது 1968-69இல் நடந்தது. அதே பருவத்தில் துறை அகழ்ந்த இன்னொரு ஊர் பாஞ்சாலங்குறிச்சி. சங்க காலத் துறைமுகத்தையும் 18ஆம் நூற்றாண்டுப் பாளையக்காரர் கோட்டையையும் ஒரே கண்ணால் பார்த்த வழக்கம் நம்மிடம் அப்போதே இருந்திருக்கிறது. நடுவில் அதை மறந்துவிட்டோம் என்பதே என் எண்ணம். இங்கிலாந்தில் இடைக்காலத்துக்குப் பிந்தைய தொல்லியலுக்கென ஒரு சங்கம் 1966இல் தோன்றி, அடுத்த ஆண்டே ஆய்விதழும் வெளியிட்டது. அமெரிக்காவிலும் 1967இல் இணையான சங்கம் ஒன்று உருவானது. ஆகவே பாஞ்சாலங்குறிச்சியில் மண்ணைக் கிளறியபோது நாம் உலகத்துக்குப் பின்தங்கியிருக்கவில்லை.

உங்கள் ஆசிரியர் கேட்டது கனமான கேள்வி. அதற்கும் பாஞ்சாலங்குறிச்சியே நல்ல எடுத்துக்காட்டு. 1799 செப்டம்பரில் கிழக்கிந்தியக் கம்பெனியின் பானர்மேன் படை கோட்டையைத் தாக்கியதும், அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டதும் எல்லோருக்கும் தெரியும். 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிய ஊமைத்துரையும் தோழர்களும் தரைமட்டமான கோட்டையைச் சில நாட்களிலேயே மறுபடி எழுப்பிவிட்டனர். எதிரணியில் நின்று போரிட்ட ஜேம்ஸ் வெல்ஷ் என்ற அதிகாரியே அந்த வேகத்தை வியந்து எழுதியிருக்கிறார். அந்த ஆண்டு மே 24 அன்று கோட்டை விழுந்த பிறகு, அது இருந்த இடமே தெரியாதபடி இடித்து உழுது, ஊரின் பெயரையும் ஆவணங்களிலிருந்து நீக்கினார்கள்.

இப்போது நம் கையில் மூன்று சான்றுகள் இருக்கின்றன. வென்றவர் எழுதிய காகிதம் ஒன்று. கும்மியாகவும் கூத்தாகவும் கதைப்பாட்டாகவும் ஊர் காத்துவந்த நினைவு மற்றொன்று. உழப்பட்ட மண் மூன்றாவது. இந்த மூன்றும் ஒன்றையே சொன்னால் தொல்லியலுக்கு அங்கே பெரிய வேலை இல்லை. முரண்படும் இடத்தில்தான் வேலை தொடங்குகிறது. அவசரத்தில் எழுப்பிய மண்சுவர் பழைய சுவரின் அடித்தளத்தின் மேலேயே நின்றதா, விலகி நின்றதா? ஈயக் குண்டுகள் எந்த முகப்பில் அடர்ந்து கிடக்கின்றன? கோட்டைக்குள் சமைத்தவர்கள் எந்தப் பானையில் சமைத்தார்கள், முற்றுகையின்போது எதைத் தின்றார்கள்? வெல்ஷும் இவற்றைச் சொல்லவில்லை, கதைப்பாட்டுக்காரரும் சொல்லவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அங்கே போகிறவர்கள் பெரும்பாலும் 1974இல் அரசு கட்டிய நினைவுக் கோட்டையின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டு, பழைய எச்சங்களைத் திரும்பிக்கூடப் பாராமல் வந்துவிடுகிறார்கள். அதில் வருத்தம் உண்டு என்றாலும், அந்த நினைவுக் கோட்டையையும் ஆய்வுப் பொருளாகவே நான் பார்ப்பேன். 1970களின் தமிழ்நாடு தன் 18ஆம் நூற்றாண்டை எந்த உருவத்தில் காண விரும்பியது என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

பதில்: புலப்படம் (வருவாய்த் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன்)

மேலே எழுதியவரின் ஆர்வத்தை மதிக்கிறேன். ஆனால் காகிதத்தை இவ்வளவு எளிதாக ஓரங்கட்டிவிடக் கூடாது. நம் மாவட்டத்தில் ஒரு சாண் நிலம்கூட எழுதப்படாமல் கிடந்ததில்லை. 19ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் எழுதிய பைமாஷ் என்ற நில அளவைக் கணக்கு, அதற்குப் பின் வந்த செட்டில்மெண்ட் (நிலவரித் திட்டப்) பதிவேடு, புல எண்வாரியாக நில விவரம் சொல்லும் அ-பதிவேடு, புலப்படம் ஆகியவற்றை வரிசையாக விரித்தால், ஒரு புல எண் எப்போது தரிசாக இருந்தது, எப்போது நத்தமாயிற்று, எந்த ஓடை எப்போது மூடப்பட்டது என்பதெல்லாம் தெரிந்துவிடும். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் மாவட்டப் பதிவுகள் இருக்கின்றன. டச்சுக்காரரின் பதிவுகளும் அங்கே உண்டு. 1658இல் தூத்துக்குடியைப் போர்ச்சுகீசியரிடமிருந்து பிடித்த டச்சுக் கம்பெனியின் தலைமை ஆவணங்கள் நெதர்லாந்தின் தி ஹேக் நகரில் உள்ளன.

சுலோசன முதலியார் பாலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். தாமிரபரணியின் மேல் அது 1843இல் திறக்கப்பட்டது, செலவை ஏற்றவர் சிரஸ்தாராக (ஆட்சியர் அலுவலகத்தின் தலைமை எழுத்தராக) இருந்த முதலியார் என்பதெல்லாம் பதிவில் இருக்கின்றன. அதன் அடியில் தோண்டி எதைக் கண்டுபிடிக்கப் போகிறோம்? அம்மா, தாங்கள் மண்வெட்டியைத் தொடுவதற்கு முன் பழைய தமிழ்க் கையெழுத்தைப் படிக்கப் பழகிக்கொள்ளுங்கள். கணக்கப்பிள்ளைமார் எழுதிய கூட்டெழுத்தும், மா, காணி, முந்திரி என்று போகும் பின்ன அளவுகளும் படிக்கத் தெரியாத ஆய்வாளருக்கு இந்தக் காலத்தில் பாதிக் கண்தான் உண்டு.

பதில்: தேரிக்காட்டான்

புலப்படம் அண்ணாச்சி சொன்ன கையெழுத்துப் பயிற்சியைப் பற்றி மறுபேச்சே இல்லை. ஆனால் பதிவேடு வரி கேட்டதை மட்டுமே எழுதிவைக்கும். வரி கேட்காத எதுவும் அதற்குள் நுழைவதில்லை. எங்கள் பக்கத்துச் செம்மண் தேரியில் இதை ஒரு பானை ஓட்டை வைத்தே காட்டலாம்.

உடன்குடி, குலசேகரன்பட்டினம், திசையன்விளை வட்டாரத்தில் பழைய பனைவிளைகளுக்குள் நடந்தால், காற்று மணலை ஒதுக்கிய இடங்களில் கலய ஓடுகள் கிடக்கும். ஒன்றைக் குனிந்து பாருங்கள், எடுக்க வேண்டாம். வெளிப்புறம் சாதாரணச் சிவப்பு ஓடு, வாய் ஓரத்தில் கயிறு கட்ட வாகான மடிப்பு. உட்புறத்தில் சில ஓடுகளில் வெண்மையான படலம் ஒட்டியிருக்கும், நகத்தால் கீறினால் பொடியாக உதிரும். அது சுண்ணாம்பு. பாளையிலிருந்து சொட்டும் நீர் புளிக்காமல் பதனீராகவே நிற்பதற்காகக் கலயத்தின் உள்ளே பூசியது. படலமே இல்லாத ஓடு கள் இறக்கிய கலயமாக இருக்கலாம், மண்ணில் கிடந்து கரைந்ததாகவும் இருக்கலாம். ஒற்றை ஓட்டை வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது. ஆனால் ஒரு விளையில் நூற்றுக்கணக்கில் கிடக்கும் ஓடுகளை இடம்வாரியாகப் பார்க்கும்போது, எந்த மூலையில் கருப்பட்டி காய்ச்சினார்கள், எந்த மூலையில் சத்தமில்லாமல் வேறு வேலை நடந்தது என்ற வடிவம் தெளிந்து வரும். 1886ஆம் ஆண்டு மதராஸ் அப்காரிச் சட்டத்துக்குப் பிறகு கள்ளுக்கும் பதனீருக்கும் இடையிலுள்ள கோடு சட்டத்தின் கோடாகிவிட்டது. பனையேறி அதிகாரியிடம் சொன்ன கணக்குப் பதிவேட்டில் இருக்கும். சொல்லாத கணக்கு இந்த ஓட்டின் உட்புறத்தில் இருக்கிறது.

பனையேறிகள் கருப்பட்டி காய்ச்சும் விடிலியும் அப்படித்தான். ஓலையும் பனங்கட்டையும் கொண்டு பருவத்துக்குப் பருவம் போட்டுப் பிரித்த குடிசைக்குப் புல எண்ணும் கிடையாது, பட்டாவும் கிடையாது. அடுப்புக் குழியின் வெந்த மண்ணும் சாம்பலும் மட்டும் மணலுக்குள் நிற்கும். அதே வட்டாரத்தில் கருப்பட்டியிலிருந்து சர்க்கரை எடுக்கக் குலசேகரன்பட்டினத்தில் ஆலை வந்தது. அதற்கு உறுதுணையாக ஓடிய குறுகிய பாதை இரயில் 1940இல் நின்றுபோயிற்று. ஆலையைப் பற்றித் தேடினால் கம்பெனிக் காகிதமாவது அகப்படும். ஆலைக்குக் கருப்பட்டி கொடுத்த விடிலிக்கு மண்ணைத் தவிர ஆவணம் கிடையாது. இப்போது அந்தக் கடற்கரையில் ராக்கெட் ஏவுதளம் வருகிறது; 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். அதைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் நிலம் சமன்செய்யப்படும் முன் அங்கே கிடந்தவற்றைப் பதிவு செய்வது யாருடைய வேலை என்று கேட்டால், தாழி இருந்தால் ஓடிவந்திருப்பார்கள், கலயத்துக்கு ஆள் வராது என்பதுதான் நிலைமை.

பதில்: கல்லும் ஓடும்

காலக்கணிப்பைப் பற்றி யாரும் சொல்லவில்லை, ஆகவே அதை நான் சொல்கிறேன். இந்தக் காலத்து மண்ணடுக்குகளுக்குப் பெரும்பாலும் கரிமக் கணிப்பு உதவாது. 17ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு அதன் விடை பல திசைகளில் சிதறிவிடும். அதற்குப் பதில் தேதி தெரிந்த பொருள்கள் ஏராளமாகக் கிடைக்கின்றன. நம் ஊர்க் கோலி சோடாப் புட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். கழுத்தில் இடுக்கு, உள்ளே கண்ணாடிக் கோலி, வாயில் ரப்பர் வளையம் என்ற அந்த அமைப்புக்கு ஹிரம் காட் என்ற ஆங்கிலேயர் 1870களின் தொடக்கத்தில் காப்புரிமை பெற்றார். அந்தப் புட்டியின் துண்டு கிடக்கும் அடுக்கு அதற்கு முற்பட்டதாக இருக்க முடியாது. எப்போது முடிந்தது என்பதை மட்டும் அது சொல்லாது, ஏனெனில் நம் பெட்டிக்கடைகளில் கோலி சோடா நேற்றுவரை விற்றது. புட்டியின் பக்கவாட்டில் ஓடும் அச்சுத் தழும்பு உதட்டின் விளிம்புவரை ஏறியிருந்தால் அது இயந்திரத்தில் வார்த்தது, ஆகவே 20ஆம் நூற்றாண்டு. உதட்டுக்குக் கீழேயே நின்றுவிட்டால் வாயைக் கையால் முடித்திருக்கிறார்கள்.

ஓட்டு வீடுகளில் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். பாசல் மிஷன் மங்களூரில் 1865இல் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது. பட்டை ஓடுகளின் அடியில் ஆலையின் பெயர் அச்சிட்டிருக்கும், சிலவற்றில் ஆண்டும் இருக்கும். ஆனால் நம்மவர்கள் ஓட்டை வீணாக்குவதில்லை. ஒரு வீடு இடிந்தால் அதன் ஓடு அடுத்த வீட்டின் மாட்டுத் தொழுவத்துக்குப் போகும், தொழுவம் சரிந்தால் கிணற்றடிச் சுவரின் தலையில் ஏறும். ஓட்டின் வயது வீட்டின் வயது ஆகாது. சுவர்ச் சாந்தைப் பாருங்கள்: கடுக்காயும் கருப்பட்டியும் சேர்த்து அரைத்த சுண்ணாம்பா, சிமெண்டா, சுண்ணாம்பின் மேல் பிற்காலத்தில் பூசிய சிமெண்டா என்பது ஓட்டைவிட நேர்மையாகப் பேசும்.

நெல்லையில் நமக்குக் கிடைக்கும் ஒரு வசதி, கேரளத்திலும் வழங்கும் கொல்லம் ஆண்டுக் கணக்கு. சுமைதாங்கிக் கல், மண்டபத் தூண், படித்துறை எங்கும் பிற்கால எழுத்துகளில் கொல்லம் ஆண்டும் தமிழ் மாதமும் தமிழ் எண்ணில் வெட்டியிருப்பார்கள். நம் பக்கத்தில் ஆவணியில் ஆண்டு பிறக்கும். ஆகவே ஆவணி முதல் டிசம்பர் முடியும்வரை 824ஐயும், ஜனவரி முதல் ஆடி வரை 825ஐயும் கூட்டினால் ஆங்கில ஆண்டு வரும். கொல்லம் 1018 ஐப்பசி என்றிருந்தால் அது 1842. பிள்ளைப்பேற்றில் இறந்த பெண்ணின் நினைவாகச் சாலையோரத்தில் நட்ட சுமைதாங்கிகளை ஊர் ஊராகப் பதிவு செய்து தேதிவாரியாக அடுக்கினால், தலைச்சுமை வணிகம் எந்தப் பாதையில் போயிற்று என்ற வரைபடம் கிடைத்துவிடும். சாலை அகலப்படுத்தும்போது முதலில் பிடுங்கப்படுவதும் இந்தக் கல்தான்.

கேட்டவர்: சேரன்மாதேவி வாசகி

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. மூன்று சான்றுகளும் முரண்படும் இடத்தைத் தேட வேண்டும் என்பது என் மனத்தில் பதிந்துவிட்டது. இரண்டு ஐயங்கள் மிச்சம் உள்ளன. எங்கே சேர்வது? அனுமதி, சட்டம் ஆகியவற்றில் எதைக் கவனிக்க வேண்டும்? மேலும், மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்தை ஆய்வேட்டுக்கு எடுக்கலாமா என்றும் ஓர் எண்ணம் உண்டு. தொழிலாளர்களை இறக்கிவிட்ட பிறகு லயன் வீடுகள் வெறுமையாக நிற்பதாக உறவினர்கள் சொல்கிறார்கள்.

பதில்: பொருநைக் கரையோன்

அபிஷேகப்பட்டியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலேயே தொல்லியல் துறை இருக்கிறது, வீட்டிலிருந்து போய்வரலாம். கடற்கரை ஊர்களில் நாட்டம் இருந்தால் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் கடல்சார் வரலாறு மற்றும் கடல்சார் தொல்லியல் துறையைப் பாருங்கள். முதுகலைக்குப் பிறகு அகழாய்வுப் பயிற்சிக்கு மாநிலத் தொல்லியல் துறையின் பட்டயப் படிப்பும், கிரேட்டர் நொய்டாவில் மத்தியத் தொல்லியல் துறையின் பட்டயப் படிப்பும் உண்டு. எங்கே சேர்ந்தாலும் பாடத்திட்டத்தின் பெரும்பகுதி தொல்பழங்காலத்துக்கும் கோயில், கல்வெட்டுக்கும் போகும். அதை வீண் என்று நினைக்காதீர்கள். அடுக்குகளைப் பிரித்தறியவும் ஓடுகளை வரையவும் அளவெடுக்கவும் தாழிக்காடே நல்ல பள்ளிக்கூடம். கொற்கையில் அகழ்ந்து பார்த்த கால்டுவெல், காயலில் சிதறிக் கிடந்த சீனப் பீங்கான் துண்டுகளையும் கவனித்து எழுதிவைத்தவர். 1841இல் அவர் குடியேறித் தெரு வகுத்து வளர்த்த இடையன்குடி இன்று நீங்கள் படிக்க வேண்டிய களங்களில் ஒன்று. வேலைவாய்ப்பைக் கேட்டால், இந்தக் காலத்துக்கென்று தனிப் பணியிடம் எதிர்பார்க்க வேண்டாம். பொதுத் தொல்லியலராகத் தேர்ச்சி பெற்று, ஆய்வேட்டில் இதைச் செய்வதே நடைமுறைக்கு ஒத்தது.

சட்டத்தில் முக்கியமான எண் 100. மத்திய அரசின் 1958ஆம் ஆண்டுச் சட்டமும் மாநிலத்தின் 1966ஆம் ஆண்டுச் சட்டமும் நூறாண்டு கடந்தவற்றையே தொன்மைச் சின்னமாகக் கருதுகின்றன. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்திலும் பொதுவாக அதே வரம்புதான், கையெழுத்துப் படிகளுக்கு மட்டும் 75 ஆண்டு. இதனால் 1930ஆம் ஆண்டுக் கட்டடம் ஒன்றை இடிப்பதை இந்தச் சட்டங்களைக் கொண்டு தடுக்க முடியாது. ஆகவே உங்கள் துறையில் பாதுகாப்பைவிடப் பதிவுதான் முதல் வேலை. நிழற்படம், அளவு, வரைபடம், ஊராரின் பேச்சு ஆகியவற்றுக்கு மண்வெட்டி தேவையில்லை. உரிமம் இல்லாமல் தோண்டவே கூடாது. மேற்பரப்பில் கிடப்பதையும் எடுக்காமல் அங்கேயே பதிவு செய்துவிட்டு வாருங்கள். மண்ணுக்குள் காசோ நகையோ வெளிப்பட்டால், 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்கு அறிவிக்க வேண்டும்.

மாஞ்சோலையைக் கட்டாயம் எடுக்கலாம். சிங்கம்பட்டி ஜமீன் நிலம் 8,374 ஏக்கர், 1929இல் 99 ஆண்டுக் குத்தகைக்குப் போனது. குத்தகை முடிய இருப்பது 2028இல். நான்கு தலைமுறை வாழ்ந்த குடியிருப்பு அது. துரை பங்களாவும் லயனும் எவ்வளவு தூரத்தில் நின்றன, தண்ணீர் எந்தக் குழாயில் யாருக்கு முதலில் வந்தது, அடுப்படியை யார் தம் கைக்காசில் நீட்டிக் கட்டினார்கள் என்பதையெல்லாம் சுவரே சொல்லும். ஆனால் 1801இல் விழுந்த கோட்டையைப் போல இதை அணுக முடியாது. அங்கே வாழ்ந்தவர்கள் உயிரோடு இருக்கிறார்கள், வழக்குகளும் ஓயவில்லை. கூலி உயர்வு கேட்டு 1999 ஜூலை 23 அன்று ஆட்சியர் அலுவலகம் நோக்கி ஊர்வலம் போய் ஆற்றில் 17 உயிரைப் பறிகொடுத்த குடும்பங்களும் அவர்களில் உண்டு. வனத்துறை அனுமதிக்கு விண்ணப்பிக்கும் முன் கல்லிடைக்குறிச்சி, விக்கிரமசிங்கபுரம் பக்கம் இறங்கி வந்து குடியேறியவர்களை முதலில் பாருங்கள். வீட்டின் தரைப்படத்தை அவர்களே வரைந்து தரட்டும்; பிறகு மேலே போய் அளவெடுங்கள். மலைக்காடு ஓட்டுக் கூரையை அதிக நாள் விட்டுவைக்காது, ஆகவே விண்ணப்பத்தை இந்த வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே கொடுத்துவிடுவது நல்லது.